மூளை ஸ்கேன்ல மனநோய் தெரியுமா? (கொஞ்சம் நீளமான த்ரெட்)

என் ஓபியில் வாரத்துக்கு நாலஞ்சு தடவையாவது வர்ற கேள்வி இது. "மேடம், எதுக்கும் தலைக்கு ஒரு ஸ்கேன் எடுத்துப் பாத்துடலாமா?" சில பேர் கேக்குறதே இல்ல, எடுத்துட்டே வந்துடுறாங்க. பெரிய வெள்ளைக் கவர், உள்ள கறுப்பு ஃபிலிம், கூடவே நாலு வரி ரிப்போர்ட். நான் கவரைப் பிரிக்கும்போது மொத்தக் குடும்பமும் என் முகத்தையே பாத்துட்டு இருக்கும்.

நான் மனநல மருத்துவர். ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனித்தனியா சொல்லிட்டு இருக்கறத இங்க ஒரே இடத்துல எழுதி வெச்சுடலாம்னு தோணுச்சு. இதுல வர்ற நோயாளிகளோட ஊர், வயசு, தொழில் எல்லாத்தையும் மாத்தியிருக்கேன். டீ போட்டு எடுத்துட்டு வந்து படிங்க.

முதல்ல சுருக்கமான பதில். டிப்ரஷன், பைபோலார், ஸ்கிசோஃப்ரினியா, ஓசிடி, பேனிக், இதுல எதையுமே ஸ்கேனைப் பாத்து "இருக்கு"ன்னும் சொல்ல முடியாது, "இல்ல"ன்னும் சொல்ல முடியாது. எவ்வளவு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனாலும் இன்னைக்குத் தேதிக்கு இதுதான் நிலவரம்.

அப்புறம் ஏன் சில பேருக்கு நாங்களே ஸ்கேன் எழுதித் தர்றோம்? மனநோய் மாதிரி வேஷம் போட்டுட்டு வர்ற வேற நோய்களைப் பிடிக்க. இந்த ரெண்டையும் பிரிச்சுப் பாக்காததாலதான் தேவைப்படுற ஆளுக்கு ஸ்கேன் எடுக்காம விட்டுடுறாங்க, தேவையே இல்லாத ஆளுக்கு மூணு தடவை எடுக்குறாங்க.

வேஷம் போட்டு வர்ற நோய்னா எப்படி? ஒரு பழைய கதை சொல்றேன். ஜார்ஜ் கெர்ஷ்வின்னு ஒரு அமெரிக்க இசையமைப்பாளர். 1937-ல், 38 வயசுல, தலைவலி, தலைசுத்தல்னு சொல்ல ஆரம்பிச்சார். கூடவே, ரப்பர் கருகுற மாதிரி ஒரு நாத்தம் அடிக்குதுன்னார். பக்கத்துல இருக்கறவங்களுக்கு எந்த நாத்தமும் தெரியல. அவர் ஏற்கெனவே மனப்பகுப்பாய்வு சிகிச்சைக்குப் போயிட்டு இருந்தவர். அதனால எல்லாரும் இதையும் மனசுக் கணக்குலயே எழுதிட்டாங்க. ஜூன் மாசம் ஆஸ்பத்திரியில் சேத்துப் பாத்து, ஹிஸ்டீரியாவா இருக்கலாம்னு வீட்டுக்கு அனுப்பினாங்க. ஜூலையில் நினைவிழந்து விழுந்தார். அவசர ஆபரேஷன். ஜூலை 11-ல் இறந்துட்டார். மூளையோட வலது பக்கத்துல, டெம்போரல் லோப்ங்கிற பகுதியில் கட்டி இருந்தது.

அந்த டாக்டர்களை இன்னைக்கு உக்காந்து திட்டறது சுலபம். அவங்க கையில் அன்னைக்கு என்ன இருந்தது? இன்னைக்கு இருக்கற மாதிரி ஸ்கேன் எதுவும் இல்ல. தலையைத் திறக்காம மூளையைப் பாக்குற சிடி ஸ்கேன்ல முதல் நோயாளி படுத்தது 1971 அக்டோபர் 1-ல், லண்டனில் அட்கின்சன் மார்லி ஆஸ்பத்திரியில். அதைக் கண்டுபிடிச்ச ஹவுன்ஸ்ஃபீல்ட் ஒரு இன்ஜினியர், 1979-ல் நோபல் வாங்கினார். கெர்ஷ்வினுக்கு 34 வருஷம் தாமதம்.

இல்லாத நாத்தம் அடிக்கடி அடிக்குதுன்னு யாராவது சொன்னா இப்ப நாங்க உஷாராயிடுவோம். டெம்போரல் லோப் வலிப்போட அடையாளமா அது இருக்கலாம். ஈஈஜியும் எம்ஆர்ஐயும் எழுதாம விட மாட்டோம்.

இப்ப நம்ம ஊர்க் கதை. மளிகைக் கடை வெச்சிருக்கற ஒரு அண்ணாச்சி, வயசு 57. மனைவி கூட்டிட்டு வந்தாங்க. "ரெண்டு வருஷமா மனுஷன் மனுஷனாவே இல்ல டாக்டரம்மா." பைசா சுத்தமா கணக்கு எழுதுறவர் நோட்டைத் தொடறதே இல்லையாம். குளிக்கச் சொன்னாத்தான் குளிப்பார். சொந்த மாமன் சாவு வீட்ல உக்காந்து சிரிச்சிருக்கார். ஒரு நாள் கடைக்குள்ளயே ஒண்ணுக்குப் போயிட்டார். வேற ஊர்ல டிப்ரஷன்னு சொல்லி ஆறு மாசம் மாத்திரை கொடுத்திருக்காங்க, ஒரு மாத்தமும் இல்ல.

என் எதிர்ல உக்காந்திருந்தார். டிப்ரஷன்ல இருக்கறவர் முகத்துல ஒரு வேதனை தெரியும். இவர்கிட்ட அது இல்ல. ஒரு அலட்சியம் இருந்தது, எதைப் பத்தியும் கவலை இல்லாத மாதிரி. எனக்கு அது இடறுச்சு. மனைவிகிட்ட சாப்பாடு, ருசி, வாசனை பத்தியெல்லாம் கேட்டேன். அவங்க யோசிச்சுட்டு சொன்னாங்க: "போன மாசம் பால் பொங்கித் தீஞ்சு வீடெல்லாம் ஒரே நாத்தம். நான் மொட்டை மாடியில இருந்து ஓடி வர்றேன், இவுக அடுப்புக்குப் பக்கத்துலயே பேப்பர் படிச்சுட்டு இருக்காக."

காபித்தூளை ஒவ்வொரு மூக்குத் துவாரத்துக்கும் தனித்தனியா காட்டினேன். கண்ணை மூடிட்டு, ரெண்டு பக்கமும் "ஒண்ணும் தெரியலயே"ன்னார். மூளையோட முன்பகுதிக்கு அடியில்தான் வாசனை நரம்பு போகுது. வாசனை போயிருக்கு, குணம் மாறியிருக்கு, ஒண்ணுக்குப் போறதுல கட்டுப்பாடு இல்ல. எம்ஆர்ஐ எழுதினேன். முன்பகுதிக்கு அடியில் எலுமிச்சங்காய் அளவுக்கு ஒரு மெனிஞ்சியோமா. மூளை உறையிலிருந்து மெதுவா வளர்ற கட்டி. பெரும்பாலும் புற்றுநோய் கிடையாது, எடுத்துடலாம்.

எடுத்தாங்க. எட்டு மாசம் கழிச்சுக் கடையில் உக்காந்துட்டார். கணக்கு நோட்டும் கைக்குத் திரும்பிடுச்சு. வாசனை மட்டும் வரவே இல்ல. பெருங்காயம் சரக்கு வந்தா மோந்து பாக்க மகனைக் கூப்பிடுவாராம்.

இந்தக் கதையைக் கேட்டுட்டு, "பாத்தீங்களா, அப்ப எல்லாருக்கும் ஸ்கேன் எடுக்கணும்ல?"னு கேப்பீங்க. நான் இதுல வேற ஒண்ணைக் கவனிக்கச் சொல்றேன். அங்க துப்பு கொடுத்தது தீஞ்ச பால். ஸ்கேன் அதை உறுதிப்படுத்துச்சு, எங்க இருக்கு, எவ்வளவு பெருசுன்னு சர்ஜனுக்குக் காட்டுச்சு. என்ன தேடுறோம்னு தெரிஞ்சு எடுக்குற ஸ்கேனுக்கும் "எதுக்கும் இருக்கட்டும்"னு எடுக்குற ஸ்கேனுக்கும் நிறைய வித்தியாசம் இருக்கு. அது எப்படின்னு கீழ வர்றேன்.

எப்ப ஸ்கேன் அவசியம்னு யோசிப்போம்? வாழ்க்கையில இதுவரைக்கும் ஒரு மனநலத் தொந்தரவும் இல்லாதவருக்கு அம்பது வயசுக்கு மேல திடீர்னு குணம் மாறினா. நாள்கணக்கில், வாரக்கணக்கில் வேகமா மாறினா. வலிப்பு வந்தா. காய்ச்சலோட உளறல் இருந்தா. காலையில் எழுந்ததும் தலைவலி, வாந்தின்னு புதுசா ஆரம்பிச்சா. ஒரு பக்கம் கை கால் இழுத்தா, நடை மாறினா. குரல் கேக்கறதை விட உருவங்கள் அதிகமா கண்ணுக்குத் தெரிஞ்சா. பிரசவம் ஆன சில வாரத்துக்குள்ள கடும் தலைவலியோ வலிப்போ வந்து, கூடவே நடத்தையும் மாறினா. இந்தக் கடைசி ஒண்ணுல, மூளையோட சிரை ரத்தக் குழாயில் ரத்தம் உறைஞ்சிருக்கலாம். "பிள்ளை பெத்தவ, காத்து கருப்பு அடிச்சிருக்கும்"னு மந்திரிக்கக் கூட்டிட்டுப் போயி நேரத்தை வீணாக்காதீங்க, ப்ளீஸ்.

வயசானவங்க விஷயத்துல இன்னொண்ணு. தாத்தா பாத்ரூம்ல வழுக்கி லேசா விழுந்தார், அன்னைக்கு ஒண்ணும் ஆகல. மூணு வாரம் கழிச்சு ஆளு மந்தமாயிட்டார், குழப்பமா பேசறார், தூங்கிட்டே இருக்கார். "வயசாச்சுல்ல"ன்னு விட்டுடாதீங்க. மூளைக்கும் உறைக்கும் நடுவுல ரத்தம் மெதுவா தேங்கியிருக்கலாம். ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடறவங்களுக்கு இந்த அபாயம் அதிகம். ஒரு சாதாரண சிடி ஸ்கேன், சில நிமிஷ வேலை. பிடிச்சுட்டா நிறைய பேருக்குச் சரி பண்ண முடியும்.

சின்ன வயசுக்காரங்கள்ல நான் மறக்காம யோசிக்கிறது வில்சன் நோய். உடம்புல தாமிரம் வெளியேறாம கல்லீரல்லயும் மூளையிலயும் சேருற பரம்பரை நோய். அப்பா அம்மா ரெண்டு பேர்கிட்டயும் அந்த மரபணு இருந்தாத்தான் பிள்ளைக்கு வரும். அதனால சொந்தத்துக்குள்ள கல்யாணம் பண்ற நம்ம பக்கம் இதை மறக்கவே கூடாது. படிப்புல திடீர் சரிவு, கோபம், பேச்சுக் குளறல், கை நடுக்கம், கையெழுத்து மோசமாகறதுன்னு ஆரம்பிக்கும். எம்ஆர்ஐயில் மூளையோட ஆழமான பகுதிகள்ல மாற்றம் தெரியும், கண்ணுல பழுப்பு வளையம் தெரியும். மருந்து இருக்கு. சீக்கிரம் பிடிச்சா பையன் காலேஜுக்குத் திரும்பிடுவான்.

ஒரு இடைச்செருகல். ஸ்கேனுக்கு முன்னாடியே ரத்தப் பரிசோதனை பண்ணுங்க. தைராய்டு, பி12, சோடியம், சுகர். பிரஷருக்கு மாத்திரை சாப்பிடற பாட்டி ஒருத்தர் திடீர்னு உளறினா பல தடவை சோடியம் குறைஞ்சுதான் இருக்கும். ஸ்கேன் செலவுல சின்னப் பங்குகூட ஆகாது. இதை விட்டுட்டு நேரா எம்ஆர்ஐக்கு ஓடறது எனக்குப் புரியவே இல்ல.

சரி, இப்ப அடுத்த பக்கத்துக்கு வர்றேன். இந்த த்ரெட்டை எழுத வெச்சதே இந்தப் பக்கம்தான்.

29 வயசுப் பொண்ணு. ரெண்டு வயசுக் குழந்தை. ஏழெட்டு மாசமா தூக்கம் இல்ல, சாப்பாடு இல்ல, எழுந்து பல் தேய்க்கறதே பெரிய வேலையா இருக்கு. கணவரோட அம்மா கூட வந்திருந்தாங்க. அவங்க கைப்பைக்குள்ள மடிச்சு வெச்ச எம்ஆர்ஐ ரிப்போர்ட். எடுத்து மேசையில் போட்டாங்க. "நல்லாப் பாருங்க டாக்டர். நார்மல்னு போட்டிருக்கு. ஏழாயிரம் ரூவா செலவு பண்ணிப் பாத்தாச்சு. ஒண்ணும் இல்ல. எல்லாம் வேலை செய்யாம இருக்க நடிப்பு."

அந்தப் பொண்ணு தலையே தூக்கல. மாமியாரை வெளிய உக்கார வெச்சுட்டுத் தனியாப் பேசினேன். ரொம்ப நேரம் கழிச்சு சொல்லுச்சு: "மேடம், அந்த மெஷினுக்குள்ள படுத்திருக்கும்போது ஏதாவது இருந்துடணும்னு சாமியை வேண்டிக்கிட்டேன். கட்டி கிட்டி ஏதாவது. இருந்திருந்தா நம்பியிருப்பாங்கல்ல?"

திரும்பப் படிங்க. தன் மூளையில் கட்டி இருக்கணும்னு ஒரு பொண்ணு வேண்டிக்கிட்டா. நார்மல்னு வந்த அன்னைக்கு ராத்திரி அழுதிருக்கா. அப்புறம் அவளே, "நான் நிஜமாவே நடிக்கிறேனோ"ன்னு யோசிக்க ஆரம்பிச்சுட்டா. செத்துடலாம்னு தோணுதான்னு கேட்டேன். தோணுதுன்னா. ரிப்போர்ட் வந்த பிறகுதான் அது அதிகமாச்சுன்னா.

மாமியாரை உள்ள கூப்பிட்டேன். அவங்க கெட்டவங்க கிடையாது. ஸ்கேனுக்குக் காசு கொடுத்ததே அவங்கதான். ஆனா ஸ்கேன்னா எல்லாத்தையும் காட்டிடும்னு நம்புறாங்க. நான் சொன்னேன்: "அம்மா, உங்க வீட்டை வெளியில நின்னு ஒரு ஃபோட்டோ எடுக்கறோம். சுவர்ல விரிசல் இருந்தா தெரியும், கூரை இறங்கியிருந்தா தெரியும். உள்ள யாரு ராத்திரியெல்லாம் தூங்காம அழறாங்கன்னு ஃபோட்டோல தெரியுமா? இந்த ரிப்போர்ட் சொல்றது சுவர் நல்லா இருக்குன்னு. அவ்வளவுதான்." கொஞ்ச நேரம் பேசாம இருந்தாங்க. அப்புறம், "அப்ப மாத்திரை சாப்பிட்டா சரியாயிடுமா?"ன்னு கேட்டாங்க. அந்தக் கேள்வி வந்துட்டா பாதி வேலை முடிஞ்ச மாதிரி. மருந்து, வாராவாரம் பேச்சு சிகிச்சை, ராத்திரி குழந்தையைப் பாத்துக்கறது பாட்டியோட பொறுப்புன்னு ஏற்பாடு ஆச்சு. பொண்ணு இப்ப நல்லா இருக்கா.

"அப்ப மனநோய்க்கும் மூளைக்கும் சம்பந்தமே இல்லையா?"ன்னு கேக்காதீங்க. சம்பந்தம் இருக்கு. அதை நமக்குக் காட்டினதுல ஸ்கேனுக்குப் பெரிய பங்கு உண்டு. இது எனக்குப் பிடிச்ச பகுதி, கொஞ்சம் விரிவாவே சொல்றேன்.

1948-ல் ஃப்ரீடா ஃப்ரோம்-ரெய்க்மன்ங்கிற மனநல மருத்துவர் ஒரு வார்த்தையைக் கொண்டு வந்தாங்க. ஸ்கிசோஃப்ரினியாவை உண்டாக்குற அம்மா! அம்மா பாசமில்லாம, அடக்கி ஆண்டு வளர்த்தா பிள்ளைக்கு இந்த நோய் வரும்ங்கிற கருத்து. பல வருஷம் இது பாடமாவே இருந்தது. பிள்ளைக்கு நோய்ங்கிற துக்கத்தோட, நீதான் காரணம்ங்கிற பழியும் அம்மா தலையில். நம்ம ஊர்லயும் "வளர்ப்பு சரியில்ல"ன்னு சொல்றவங்களுக்குப் பஞ்சமே இல்லையே.

1976-ல் லண்டன் நார்த்விக் பார்க் ஆஸ்பத்திரியில் ஈவ் ஜான்ஸ்டோனும் அவங்க குழுவும், ரொம்ப வருஷமா ஸ்கிசோஃப்ரினியாவோட வாழ்ந்த 17 பேரைச் சிடி ஸ்கேன்ல பாத்தாங்க. மூளைக்குள்ள திரவம் நிறைஞ்ச அறைகள் உண்டு, வென்ட்ரிக்கிள்னு பேரு. அது இவங்களுக்குச் சராசரியா பெருசா இருந்தது. மனநோய் உள்ள மூளையில் கண்ணால பாக்குற மாதிரி ஒரு வித்தியாசம்!

1990-ல் இன்னும் நேர்த்தியா ஒரு ஆய்வு வந்தது. 15 ஜோடி ஒரே மாதிரி இரட்டையர்கள். ஒவ்வொரு ஜோடியிலும் ஒருத்தருக்கு ஸ்கிசோஃப்ரினியா, இன்னொருத்தருக்கு இல்ல. அதே அம்மா, அதே மரபணு. ரெண்டு எம்ஆர்ஐயையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுக் கண்ணால பாத்தே, 15-ல் 12 ஜோடியில் நோய் யாருக்குன்னு சொல்ல முடிஞ்சது. தத்துப் பிள்ளைகளை வெச்சுப் பண்ணின மரபணு ஆய்வுகளும் சேர்ந்து, அம்மா மேல இருந்த அந்தப் பழியை மருத்துவப் பாடத்துலருந்து அடிச்சு வெளிய தள்ளுச்சு. "நான் வளத்ததுலதான் ஏதோ தப்பு பண்ணிட்டேன்"னு என் எதிர்ல உக்காந்து அழற அம்மாகிட்ட "இல்லம்மா"ன்னு நான் உறுதியா சொல்றதுக்கு இந்தப் படங்களும் ஒரு காரணம்.

இப்ப கவனிங்க. அந்த ஆய்வுல, பக்கத்துல வெச்சுப் பாக்க இரட்டையர் இருந்தார். உங்க பையனுக்கு நோய் இல்லாத ஒரு நகல் இருக்கா? அவனோட படத்தை மட்டும் தனியா கையில் கொடுத்தா எங்களால சொல்ல முடியாது. ஏன்னா ஆரோக்கியமா இருக்கற மனுஷங்களோட மூளையே ஆளுக்கு ஆள் அவ்வளவு வேறுபடும்.

ஒரு பஸ்ல அம்பது பேர் போறாங்கன்னு வெச்சுக்கங்க. ஆண்களோட சராசரி உயரம் பெண்களை விட அதிகம், உண்மை. ஆனா "163 சென்டிமீட்டர் உயரம், ஆணா பெண்ணா?"ன்னு கேட்டா யாரால சொல்ல முடியும்? டிப்ரஷன்ல இருக்கற வித்தியாசம் இதை விடச் சின்னது. எனிக்மான்னு உலகம் முழுக்க இருக்கற ஆய்வாளர்கள் கூட்டமைப்பு, டிப்ரஷன் உள்ள 1,728 பேரையும் இல்லாத 7,199 பேரையும் ஒப்பிட்டுப் பாத்தது. ஞாபகத்தோட தொடர்புள்ள ஹிப்போகேம்பஸ் பகுதி டிப்ரஷன் உள்ளவங்களுக்குச் சராசரியா 1.24 சதவீதம் சின்னதா இருந்தது. ஒண்ணே கால் சதவீதம்! ஆராய்ச்சிக்கு அது பெரிய தகவல், என் ஓபிக்கு அதால ஒரு பிரயோஜனமும் இல்ல. 2022-ல் ஜெர்மனியில் 1,809 பேரோட மூளை அமைப்பு, செயல்பாடு எல்லாத்தையும் அளந்து, யாருக்கு டிப்ரஷன்னு கணிக்கப் பாத்தாங்க. கிடைச்ச துல்லியம் 54-லருந்து 56 சதவீதம். காசைச் சுண்டிப் போட்டாலே 50 வந்துடும்.

"ஆனா மேடம், டிவியில மூளை சிவப்பு, மஞ்சளா எரியற படம் காட்டினாங்களே?" அது எஃப்எம்ஆர்ஐ. ஒரு பகுதி வேலை செய்யும்போது அங்க ரத்த ஓட்டம் கூடும், அந்த ரத்தத்துல ஆக்சிஜன் அளவு மாறும். அந்த மாற்றத்தை அளக்கறதுதான் அது. கலர் எல்லாம் கணக்குப் போட்ட பிறகு கம்ப்யூட்டர் பூசறது. கணக்குல கவனம் தப்பினா என்ன ஆகும்னு காட்ட 2009-ல் சில அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு வேலை செஞ்சாங்க. ஒரு சால்மன் மீனை மெஷினுக்குள்ள வெச்சு, மனுஷங்க ஃபோட்டோவைக் காட்டி, இவங்க என்ன உணர்ச்சியில இருக்காங்கன்னு கேட்டாங்க. மீன் செத்த மீன். ஆனாலும் மூளையில் ஒரு புள்ளி எரிஞ்சது! ஆயிரக்கணக்கான புள்ளிகளைச் சோதிக்கும்போது தற்செயலா சிலது எரியத்தான் செய்யும், அதைக் கழிக்காம விட்டா செத்த மீனும் யோசிக்கும். 2012-ல் இதுக்கு இக்நோபல் பரிசு கிடைச்சது. எஃப்எம்ஆர்ஐயே பொய்னு நான் சொல்ல வரல, ஆராய்ச்சிக்கு அருமையான கருவி. ஆனா கலர் படத்தைப் பாத்ததும் நம்ம மூளைதான் முதல்ல மயங்கிடுது.

இதைச் சொல்றதுக்கு ஒரு காரணம் இருக்கு. குழந்தைக்குப் பேச்சு வரல, ஒரு இடத்துல உக்கார மாட்டேங்குதுன்னு தவிக்கிற பெற்றோர்கிட்ட "பிரெய்ன் மேப்பிங்"னு கலர் கலரா பேக்கேஜ் விக்கறாங்க. ஆட்டிசமும் ஏடிஎச்டியும், குழந்தையோட வளர்ச்சியையும் நடத்தையையும் நேர்ல பாத்து, பெற்றோர்கிட்டயும் டீச்சர்கிட்டயும் கேட்டுக் கண்டுபிடிக்கிற விஷயங்கள். வலிப்பு இருந்தாலோ வளர்ச்சி பின்னால போனாலோ ஸ்கேனும் ஈஈஜியும் தேவைப்படும், அதை டாக்டர் எழுதுவார். அந்தக் கலர் படத்துக்குக் கொடுக்கற காசுல எத்தனை மாசம் பேச்சுப் பயிற்சி கொடுக்கலாம்னு கணக்குப் போட்டுப் பாருங்க.

"எதுக்கும் இருக்கட்டும்"னு எடுக்கறதுல என்ன தப்புன்னு மேல விட்டேன்ல? தேடாம எடுத்தாலும் ஏதாவது கிடைக்கும், அதான் பிரச்சினை. நெதர்லாந்து ராட்டர்டாம்ல, 2,000 பேருக்கு எம்ஆர்ஐ எடுத்த ஆய்வு 2007-ல் வெளியாச்சு. பொதுமக்கள், சராசரி வயசு 63. 7.2 சதவீதம் பேருக்கு அவங்களுக்கே தெரியாத பழைய சின்ன பக்கவாதத் தடம், 1.8 சதவீதம் பேருக்கு ரத்தக் குழாயில் புடைப்பு, 1.6 சதவீதம் பேருக்குச் சாதுவான கட்டி. இதுல நிறைய பேருக்கு அதனால வாழ்நாள் முழுக்க ஒண்ணும் ஆகாது. ஆனா ரிப்போர்ட்ல படிச்ச மனுஷன் தூங்குவாரா? ஏற்கெனவே பதற்ற நோய்ல இருக்கறவர் கையில் "சில வெள்ளைப் புள்ளிகள் காணப்படுகின்றன"ன்னு பேப்பரைக் கொடுத்தா அடுத்த ஆறு மாசம் அந்தப் புள்ளிகளுக்குத்தான் நாங்க கவுன்சலிங் கொடுக்கணும். 65 வயசுல "லேசான மூளைச் சுருக்கம்"னு வந்தா அது தலைமுடி நரைக்கிற மாதிரி. சைனஸ்ல சளி இருக்குன்னு வந்ததை மூளையில் நீர்னு நினைச்சு அழுத குடும்பத்தையும் பாத்திருக்கேன்.

இன்னொரு எச்சரிக்கை, இது டாக்டர் நண்பர்களுக்கும் சேத்து. எம்ஆர்ஐ நார்மல்னா மூளை நோய் இல்லைன்னும் அர்த்தம் ஆகாது. சூசன்னா கஹலான், நியூயார்க் போஸ்ட் நிருபர், 24 வயசு. 2009-ல் திடீர்னு சந்தேகம், பிரமை, வலிப்பு. எம்ஆர்ஐ நார்மல். கடைசியில ஒரு நரம்பியல் டாக்டர் ஒரு பேப்பரைக் கொடுத்துக் கடிகாரம் வரையச் சொன்னார். பன்னெண்டு எண்களையும் வலது பாதியிலயே எழுதிட்டாங்க. மூளையில் அழற்சி இருக்குன்னு அதுல துப்பு கிடைச்சது. உடம்போட எதிர்ப்பு சக்தியே மூளையைத் தாக்குற என்எம்டிஏ என்செஃபலைட்டிஸ். 2007-ல்தான் அந்த நோயையே வரையறுத்திருந்தாங்க. அதுல பாதிப் பேருக்கு மேல ஆரம்ப எம்ஆர்ஐ நார்மலாத்தான் இருக்கும். தண்டுவட நீர்ல தேடணும். அவங்க குணமாகி 2012-ல் புத்தகமே எழுதிட்டாங்க. பல கோடி மதிப்புள்ள மெஷின் காட்டாததை ஒரு பேனா காட்டுச்சு.

ஞாபக மறதி நோய்கள்ல கதை வேற, அங்க ஸ்கேன் அவசியம். அல்சைமர், ரத்தக்குழாய் அடைப்பால வர்ற மறதி, மூளை நீர் தேங்கி நடை, சிறுநீர், ஞாபகம் மூணும் கெடற நோய், இதையெல்லாம் பிரிக்க எம்ஆர்ஐ உதவும். கடைசியா சொன்னதுல நீரை வடிச்சுவிட ஒரு குழாய் வெச்சா நடை திரும்ப வாய்ப்பு உண்டு. நடிகர் புரூஸ் வில்லிஸுக்கு ஃப்ரண்டோடெம்போரல் டிமென்ஷியான்னு 2023-ல் அவர் குடும்பம் அறிவிச்சாங்கல்ல, அதுல மூளையோட முன்பகுதியும் பக்கவாட்டும் சுருங்கும், பல பேருக்கு எம்ஆர்ஐயிலயே தெரியும். அல்சைமர் புரதத்தைக் காட்டுற பெட் ஸ்கேனும் வந்தாச்சு. விலைதான் இன்னும் நம்ம கைக்கு எட்டல.

கடைசியா நடைமுறைக்கு. ஸ்கேன் வேணுமான்னு குழம்பினா டாக்டர்கிட்ட நேராக் கேளுங்க: "இதுல என்ன தேடுறீங்க? கிடைச்சா என்ன மாறும், கிடைக்கலன்னா என்ன மாறும்?" கேக்கறதுக்குத் தயங்காதீங்க, நல்ல டாக்டர் கோவிச்சுக்க மாட்டார். ஏற்கெனவே எடுத்திருந்தா திரும்ப எடுக்காதீங்க, பழைய ஃபிலிமைக் கொண்டு வாங்க. எம்ஆர்ஐயில் கதிர்வீச்சு கிடையாது, சிடியில் உண்டு. உடம்புக்குள்ள பேஸ்மேக்கர், உலோகம் ஏதாவது இருந்தா எம்ஆர்ஐக்கு முன்னாடியே சொல்லிடுங்க.

தற்கொலை எண்ணம் இருந்தா ஸ்கேன், ரிப்போர்ட்னு எதுக்கும் காத்திருக்காதீங்க. டெலி மானஸ் 14416. இலவசம், எந்த நேரமும், தமிழ்லயே பேசலாம்.

அப்புறம், டிஎம்ல எம்ஆர்ஐ ஃபிலிமை ஜன்னல் வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சு ஃபோட்டோ எடுத்து அனுப்பாதீங்க. நிஜமா எனக்கு ஒண்ணும் தெரியாது, பின்னாடி இருக்கற தென்னை மரம்தான் தெரியுது. அதுக்குப் பதிலா டாக்டரைப் பாக்கப் போகும்போது ஒரு பேப்பர்ல எழுதிட்டுப் போங்க. எப்ப ஆரம்பிச்சது, முதல்ல என்ன மாறுச்சு, தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி, என்னென்ன மாத்திரை, குடும்பத்துல யாருக்காவது இருந்ததா. வீட்ல கூட இருக்கறவங்க ஒருத்தரையும் கூட்டிட்டுப் போங்க. பால் தீஞ்சது மாதிரி சின்ன விஷயமா இருந்தாலும் சொல்லச் சொல்லுங்க.